பழைய டாடா 207 பிக்கப்: வீட்டிலேயே துரு எடுத்து பெயிண்ட் அடிக்க யோசனை வேண்டும்

உசிலை மல்லி:

வணக்கம். அப்பா 1996-இல் வாங்கிய டாடா 207 பிக்கப் ஒன்று எங்கள் வீட்டில் இருக்கிறது. உசிலம்பட்டிப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்கு விடியற்காலையில் மல்லிகை மூட்டை ஏற்றிப் போன வண்டி. அப்பா காலமான பிறகு விற்கச் சொல்லிப் பலரும் கேட்டுவிட்டார்கள். எனக்கும் அம்மாவுக்கும் மனம் வரவில்லை. இன்ஜின் இன்றைக்கும் முதல் சாவியிலேயே எழுந்துவிடும். உடம்புதான் போய்விட்டது.

பூ வாடாமலிருக்க ஈரச் சாக்கில் கட்டித்தான் ஏற்றுவார்கள். அந்த ஈரம் வருடக்கணக்காக வடிந்து லோடு பாடியின் தரைத் தகட்டை அரித்துவிட்டது. முன்பக்க மூலைகளில் ஸ்க்ரூடிரைவரை வைத்து அழுத்தினால் மறுபக்கம் வருகிறது. கேபினில் இரண்டு கதவுகளின் அடிப்பகுதி, முன்கண்ணாடி ரப்பரின் கீழ் மூலைகள், டிரைவர் கால் வைக்கும் இடம் ஆகியவற்றில் பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருக்கிறது. பானட்டும் கூரையும் நன்றாகவே இருக்கின்றன, வெயிலில் மங்கியதைத் தவிர.

ஒரு பட்டறையில் காட்டினேன். தேய்த்து, பட்டி போட்டு நிரப்பி, மேலே அடித்துக் கொடுத்துவிடுகிறோம் என்றார்கள். ஓட்டை விழுந்த தகட்டைப் பட்டியால் அடைப்பது எத்தனை நாளைக்கு நிற்கும் என்று கேட்டேன். அதற்கு நேரான பதில் வரவில்லை. வீட்டில் உயரமான தகரக் கொட்டகை இருக்கிறது. நிதானமாகச் செய்ய நேரமும் இருக்கிறது. வெல்டிங் தவிர மற்ற வேலைகளை நானே செய்ய விரும்புகிறேன். எதில் தொடங்குவது, எந்த பெயிண்ட் வாங்குவது, எந்த மாதத்தில் அடிப்பது என்று அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

இன்னொன்று. பின் கதவில் ‘பாண்டி முனி துணை’ என்று கையால் எழுதியிருக்கிறது. படம் இணைத்திருக்கிறேன். எழுதியவர் இப்போது இல்லை. அந்த எழுத்துக்கு அடியிலும் துரு வந்துவிட்டது. அதைக் காப்பாற்ற வழி உண்டா?

—

கூடல்நகர் பெயிண்டர்:

தம்பி, நீங்கள் கேட்ட கேள்வியிலேயே பாதி வேலை முடிந்துவிட்டது. பட்டி என்பது பள்ளத்தை நிரவுவதற்கு. ஓட்டையை அடைப்பதற்கு அல்ல. பாலியஸ்டர் பட்டி ஈரத்தை உறிஞ்சும். பின்பக்கம் திறந்திருக்கிற ஓட்டையில் பட்டியைத் திணித்தால், சக்கரம் வாரி அடிக்கிற தண்ணீர் பின்னாலிருந்து ஏறி பட்டிக்கும் தகட்டுக்கும் நடுவே உட்கார்ந்துகொள்ளும். அடுத்த ஐப்பசி மழை முடிவதற்குள் அதே இடத்தில் கொப்புளம் எழும். வாடிக்கையாளர் வந்து பெயிண்ட் சரியில்லை என்பார். பெயிண்டுக்கு அங்கே ஒரு சம்பந்தமும் இருக்காது.

எந்த பெயிண்ட் என்று கேட்பதற்கு முன்னால், இப்போது வண்டியில் இருப்பது எந்த பெயிண்ட் என்று பாருங்கள். வெள்ளைத் துணியில் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பெயிண்டுக்கான தின்னரை நனைத்து, கண்ணுக்குத் தெரியாத ஓரிடத்தில் சற்று நேரம் வைத்துத் தேய்க்க வேண்டும். கரைந்து துணியில் நிறம் ஏறினால் யாரோ என்.சி. அடித்திருக்கிறார்கள். தோல் மாதிரி சுருங்கி எழுந்தால் சாதாரண எனாமல். ஒன்றும் ஆகவில்லை என்றால் கம்பெனியில் சூட்டடுப்பில் வைத்து எடுத்த பெயிண்ட், அல்லது பி.யு. (பாலியூரித்தேன்) பெயிண்ட். எனாமலுக்கு மேலே என்.சி. அடிக்கவே கூடாது. அந்தத் தின்னரின் வேகத்துக்கு அடியில் இருப்பது சுருட்டிக்கொண்டு எழும். அப்புறம் தகடு வரை சுரண்டுவதைத் தவிர வழியில்லை.

கேபினைச் சுற்றி ஏழெட்டு இடத்தில் இதைச் செய்துவிட்டு எழுதுங்கள். மேற்கொண்டு சொல்கிறேன்.

—

வைகைக்கரை வாலிபன்:

அருமையான வண்டி அண்ணே! ராணுவப் பச்சையில் அடித்து, கறுப்பு பம்பர் போட்டால் கம்பீரமாக இருக்கும். வெள்ளை எல்லாரும் வைத்திருப்பது.

—

ஓய்வுபெற்ற ஆய்வாளர்:

ராணுவப் பச்சை வேண்டாம். மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-இல் விதி 121 பாதுகாப்புத் துறை வாகனங்களைத் தவிர வேறு எந்த வாகனத்துக்கும் ஆலிவ் பச்சை நிறம் அடிக்கக் கூடாது என்கிறது. தெரியாமல் அடித்துவிட்டு, தகுதிச் சான்றான எஃப்.சி.க்கு வந்து நிற்பவர்களைப் பணியில் இருந்தபோது பார்த்திருக்கிறேன். முழு வண்டியையும் மறுபடி அடித்துக்கொண்டு வரச் சொல்ல வேண்டியிருக்கும். பாவமாக இருக்கும், ஆனால் விதியில் இடமில்லை.

வேறு நிறம் அடிப்பதானாலும் ஆர்.சி.யில் நிறம் பதிவாகியிருப்பதால் மாற்றத்தைப் பதிவு அலுவலகத்தில் தெரிவித்துத் திருத்திக்கொள்ள வேண்டும். பழைய வெள்ளையையே அடித்தால் அந்த வேலை இல்லை. சரக்கு வாகனத்துக்கு எட்டு வருடத்துக்குப் பிறகு ஆண்டுதோறும் எஃப்.சி. உண்டு என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஆகவே அடுத்த எஃப்.சி. தேதியைப் பார்த்து அதற்கு முன்னால் வேலை முடிகிற மாதிரித் தொடங்குங்கள். பிரித்துப் போட்ட வண்டியோடு தேதியைத் தாண்டிவிடாதீர்கள்.

—

உசிலை மல்லி:

நன்றி ஐயா. வெள்ளையே அடிக்கிறேன். அப்பாவும் அதைத்தான் விரும்பியிருப்பார்.

அண்ணன் சொன்ன சோதனையைச் செய்தேன். கூரை, பானட், கதவின் மேல்பாதி எதுவும் கரையவில்லை. இடது மட்கார்டில் மட்டும் துணியில் வெள்ளை ஏறியது. எப்போதோ இடித்துச் சரி செய்த இடம். பின் கதவு சுருங்கி எழுந்தது.

கதவுகளின் உள்பக்க அட்டையைக் கழற்றினேன். கதவின் அடியில் தண்ணீர் வெளியேற மூன்று சிறு துளைகள் இருக்கின்றன. மூன்றும் அடைபட்டிருந்தன. மண் என்று நினைத்துக் கம்பியால் குத்தியபோது வந்தது மண் மட்டும் இல்லை. காய்ந்து கறுத்த மல்லிகை இதழ்கள், களிம்பாக இறுகியிருந்தன. கண்ணாடி இடுக்கு வழியாக இத்தனை வருடமாக உள்ளே விழுந்திருக்கின்றன. கழுவி எடுத்தால் அடித்தகட்டில் ஒரு விரல் அகலத்துக்கு நீளவாக்கில் சல்லடை. கதவு ஏன் அடியிலிருந்து அரித்தது என்பது அப்போதுதான் புரிந்தது.

—

கப்பலூர் வெல்டர்:

கதவுக்கு அடியில் வெட்டி ஒட்ட வேண்டியதுதான். பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் யாரிடம் கொடுத்தாலும் இரண்டு விஷயத்தைக் கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

முதலாவது தகட்டின் கனம். கேபினுக்கு 20 கேஜ், அதாவது ஏறத்தாழ 0.9 மில்லிமீட்டர் போதும். லோடு பாடித் தரைக்கு 18 கேஜ், சுமார் 1.2 மில்லிமீட்டராவது போட வேண்டும். பூ மூட்டை மட்டும்தான் ஏற்றுவேன் என்றாலும் நாளைக்கு யாராவது சிமென்ட் மூட்டை கேட்பார்கள், இல்லை என்று சொல்ல முடியாது. இரண்டாவது, எந்த வெல்டிங் என்பது. கேஸ் வெல்டிங்கில் சூடு பரவி மெல்லிய தகடு அலை அலையாக நெளிந்துவிடும். அந்த நெளிவை மறைக்க அப்புறம் கிலோ கணக்கில் பட்டி. கார்பன் டை ஆக்சைடு வாயுவின் பாதுகாப்பில் ஒட்டுகிற சி.ஓ.2 வெல்டிங்கில், ஒரே இழுப்பாக இழுக்காமல், இங்கொன்று அங்கொன்றாகப் புள்ளி வைத்து, ஆறவிட்டு, நடுவிலே நிரப்பிக்கொண்டு வர வேண்டும். அவசரப்படுகிற பட்டறையாக இருந்தால் இதைச் செய்ய மாட்டார்கள். பக்கத்தில் நின்று பாருங்கள்.

துரு பிடித்த தகட்டுக்கு மேலேயே புதுத் தகட்டை வைத்து ஒட்டச் சம்மதிக்காதீர்கள். பளபளவென்று நல்ல இரும்பு தெரிகிற வரை வெட்டி எறிய வேண்டும். அரித்த இடம் உள்ளங்கை அகலம் என்றால் வெட்டுகிற இடம் அதைவிடப் பெரிதாகத்தான் இருக்கும்.

வெல்டிங்குக்கு முன் பேட்டரியின் இரண்டு ஒயரையும் கழற்றுங்கள். டீசல் டேங்க் பக்கத்தில் வேலை என்றால் டேங்கையே இறக்கிவிடுங்கள். ‘டீசல்தானே, பற்றாது’ என்று ஒருவர் சொல்லுவார். காலி டேங்குக்குள் நிற்கிற ஆவிக்கு அந்தச் சமாதானம் தெரியாது.

—

கூடல்நகர் பெயிண்டர்:

வெல்டர் அண்ணன் சொன்னதற்கு மேல் ஒரு வரிகூடச் சேர்க்க வேண்டியதில்லை.

தம்பி, இனி பெயிண்ட். மூன்று வழி உண்டு. எனாமல் விலை குறைவு, பாலிஷ் இல்லாமலே பளபளக்கும், ஆனால் காய நேரம் எடுக்கும். காயும் வரை கொட்டகையில் பறக்கிற தூசி எல்லாம் அதில் உட்காரும். என்.சி. தொட்டுப் பார்ப்பதற்குள் காய்ந்துவிடும். பளபளப்பு தானாக வராது, தேய்த்துத்தான் எடுக்க வேண்டும். பி.யு. உழைப்பில் இரண்டையும் மிஞ்சும். இன்றைக்குப் பட்டறைகளில் பெரும்பாலும் அதுதான்.

உங்களுக்கு நான் சொல்வது என்.சி.தான். தேய்க்கிற வேலையை விரும்பாதவர்கள் அதைப் பழைய காலத்துச் சரக்கு என்பார்கள். ஆனால் வீட்டில், முதல் தடவை ஸ்ப்ரே துப்பாக்கி பிடிக்கிற கைக்கு, அதைப் போலப் பொறுத்துப் போகிற பெயிண்ட் வேறு கிடையாது. வழிந்துவிட்டதா? காயவிட்டுத் தேய்த்து மறுபடி அடிக்கலாம். தூசி விழுந்ததா? 1500 நம்பர் தாளில் எடுத்துவிடலாம். அடுத்த வருடம் யாராவது உரசிவிட்டுப் போனால் அந்த இடத்தை மட்டும் அடித்து ஓரத்தைக் கரைத்துச் சேர்த்துவிடலாம். பி.யு.வில் இதெல்லாம் கடினம். லோடு பாடிக்குள்ளே மட்டும் எனாமல் பிரஷ்ஷில் கனமாகப் பூசுங்கள். அங்கே அழகு வேண்டியதில்லை.

—

வேதியியல் ஆசிரியை:

இந்த இழையை ஆரம்பத்திலிருந்து படித்து வருகிறேன். பி.யு.வைப் பற்றி அண்ணன் சொல்லாமல் விட்ட ஒரு காரணத்தை நான் சொல்லியாக வேண்டும்.

பி.யு. பெயிண்டை இறுக வைக்க அதோடு கலக்கிற ஹார்ட்னரில் ஐசோசயனேட் என்ற பொருள் இருக்கிறது. துப்பாக்கியில் அடிக்கும்போது அது பனிபோல மிதந்து நுரையீரலுக்குள் போகிறது. ஆஸ்துமாவை உண்டாக்கும். ஒருமுறை உடம்பு அதற்கு ஒவ்வாமை கொண்டுவிட்டால், பிறகு மிகக் குறைந்த அளவு பட்டாலே மூச்சு முட்டும். வாசனையை வைத்து எச்சரிக்கையாக இருக்கவும் முடியாது, அபாய அளவில் இருக்கும்போதுகூட மூக்குக்குத் தெரியாது. துணி முகக்கவசமும், தூசிக்குப் போடுகிற கவசமும் இதற்குப் பயன்படாது. வெளியிலிருந்து சுத்தமான காற்றைக் குழாய் வழியே தருகிற கவசம் போட்டுத்தான் அடிக்க வேண்டும். வீட்டுக் கொட்டகையில் அது நடக்காது. வீட்டில் அம்மா இருக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து பி.யு.வை வீட்டில் அடிக்காதீர்கள்.

என்.சி.யும் பாலும் தேனும் அல்ல. அதன் தின்னர் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு தவழ்ந்து போய், எங்கோ எரிகிற அடுப்பில் பற்றி, வந்த வழியே திரும்பும். அடிக்கிற நேரத்தில் சமையல் அடுப்பு, சாமி விளக்கு, கொசுவர்த்தி எதுவும் பக்கத்தில் எரியக் கூடாது. கம்ப்ரெசரைக் கொட்டகைக்கு வெளியே, காற்று வரும் திசையில் வைத்து நீளமான குழாய் போடுங்கள். கரிமப் புகைக்கான கார்ட்ரிட்ஜ் பொருத்திய கவசம் இதற்கு அவசியம்.

இன்னொன்று பலருக்கும் தோன்றாதது: தண்ணீர். வாட்டர் பேப்பர், அதாவது தண்ணீர் ஊற்றித் தேய்க்கிற தாள் போடும்போது எந்தத் தண்ணீரை ஊற்றுகிறீர்கள்? நம் பக்கத்தில் பல வீடுகளில் போர் தண்ணீர் உப்பு. வாளி ஓரத்தில் வெள்ளை படிகிறதே, அதே உப்பு பிரைமர் என்கிற அடிப்பூச்சுக்கு மேலும் படிந்து காயும். அதன் மேல் பெயிண்ட் அடித்துவிட்டால், மழைக்காலத்தில் அந்த உப்பு பெயிண்ட் படலத்தின் வழியாக ஈரத்தை உள்ளே இழுக்கும். சின்னச் சின்னக் கொப்புளங்கள் கூட்டமாக எழும். துரு திரும்ப வந்துவிட்டது என்று நினைப்போம். காரணம் தேய்த்த தண்ணீர். கேன் தண்ணீர் வாங்கியாவது கடைசிக் கழுவலைச் செய்யுங்கள். மழைத்தண்ணீர் பிடித்து வைத்திருந்தால் இன்னும் நல்லது.

—

கூடல்நகர் பெயிண்டர்:

டீச்சர், இதைக் கேட்டபோது எனக்கு எத்தனையோ வண்டிகள் நினைவுக்கு வந்தன. எங்கள் மேஸ்திரி காலத்தில் தேய்ப்பதற்கு வைகைத் தண்ணீர் குழாயில் வருகிற நாளாகப் பார்த்து வேலை வைப்பார். காரணம் சொல்ல மாட்டார். ‘இந்தத் தண்ணியில வேலை நிக்கும்’ என்பார், அவ்வளவுதான்.

—

திருமங்கலம் மேட்டடார்:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். துரு எடுத்த தகட்டுக்கு ரெட் ஆக்சைடுதானே அடிப்பது? கேட்டுக்கும் கிரில்லுக்கும் காலம் காலமாக அதைத்தான் அடிக்கிறோம். எப்பாக்ஸி பிரைமர் விலை அதிகமாக இருக்கிறதே, அது உண்மையிலேயே தேவையா?

—

கூடல்நகர் பெயிண்டர்:

கேட்டுக்கு அடியுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. கேட்டில் மேலே வருவது எனாமல். வண்டியில் மேலே வரப்போவது என்.சி.தான். சாதாரண ரெட் ஆக்சைடின் மேல் என்.சி. தின்னர் பட்டால் பல இடங்களில் சுருட்டி எழுப்பிவிடும். எப்பாக்ஸி இரண்டு டப்பாவைக் கலந்து அடிக்கிற சரக்கு, இறுகிய பிறகு தின்னர் அதை ஒன்றும் செய்யாது. ஈரத்தையும் தடுத்து நிறுத்தும். என் கணக்கில், இந்த வண்டியில் பணத்தை எங்கே செலவழிக்கலாம் என்று கேட்டால் எப்பாக்ஸியில்தான் என்பேன். மேல் பெயிண்டில் மிச்சம் பிடியுங்கள்.

வரிசை இதுதான். துருவைக் கம்பி பிரஷ்ஷாலும் 80 நம்பர் உப்புத்தாளாலும் வெள்ளை இரும்பு தெரியும் வரை எடுக்க வேண்டும். இந்தக் கட்டத்தில் தண்ணீரே ஆகாது. குழிகளுக்குள் கறுப்புப் புள்ளியாக நிற்கிற துருவுக்கு பாஸ்பாரிக் அமிலம் கலந்த திரவம் விற்கிறார்கள், அதைத் தடவலாம். ஆனால் அமிலம் மிச்சமிருந்தால் எப்பாக்ஸி பிடிக்காது. டப்பாவில் சொன்னபடி கழுவி, உடனே துணியால் துடைத்து, வெயிலில் நன்றாகச் சூடேற்றிக் காயவிடுங்கள். அன்றைக்கே எப்பாக்ஸி போய்விட வேண்டும். வெறும் இரும்பை ஒரு ராத்திரி பனியில் விட்டால் காலையில் செம்பழுப்பு படர்ந்திருக்கும்.

பட்டி எப்பாக்ஸிக்கு மேலேதான். இரண்டு மூன்று மில்லிமீட்டருக்கு மேல் கனம் கூடாது. அதற்கு மேல் தேவைப்பட்டால் தகட்டைத் தட்டி எடுக்கவில்லை என்று பொருள். ஹார்ட்னர் 100 கிராம் பட்டிக்கு 2 கிராம் என்பது கணக்கு. மதுரை வெயிலில் அதைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் கலக்குகிற தகட்டிலேயே கல்லாகிவிடும். கையால் தேய்க்காதீர்கள், மரக்கட்டையில் தாளைச் சுற்றித் தேயுங்கள். விரலால் தேய்த்த இடம் வெயிலில் நின்று பக்கவாட்டில் பார்த்தால் பள்ளம் மேடாகக் காட்டிக் கொடுக்கும்.

—

உசிலை மல்லி:

எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டேன். பின் கதவு எழுத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லையே?

—

எழுத்தோவியன்:

நான் சொல்கிறேன். கடைப் பலகை, லாரி, மாட்டு வண்டி என்று தூரிகையால் எழுதிப் பிழைத்தவன். ஃபிளெக்ஸ் வந்த பிறகு எங்கள் தொழிலில் மிஞ்சியவர்கள் குறைவு.

நீங்கள் போட்டிருக்கும் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ‘ண்’ எழுத்தின் சுழியைப் பாருங்கள். மூன்று சுழியும் ஒரே கனத்தில் இல்லை. முதல் சுழி மெலிதாகத் தொடங்கி, கடைசிச் சுழியில் கனத்து, கீழே இறங்கும்போது தூரிகையைத் திருப்பி முனையைக் கூராக்கியிருக்கிறார். மஞ்சளுக்குப் பின்னால் சிவப்பில் நிழல், அதுவும் இடப்பக்கம். நிழலை வலப்பக்கம் வைப்பவர்கள்தான் அதிகம். அவருடைய கையெழுத்து மாதிரி அது.

துருவுக்கு மேலே இருக்கிற எழுத்தைக் காப்பாற்ற முடியாது. உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். எழுத்தைச் சுற்றி மட்டும் தேய்த்து, நடுவில் விட்டுவைக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அடியில் துரு தின்றுகொண்டே இருக்கும், ஒருநாள் எழுத்தோடு சேர்த்து உதிரும். ஆனால் வடிவத்தைக் காப்பாற்றலாம்.

முதலில் பகல் வெளிச்சத்தில், கதவுக்கு நேர் எதிரே நின்று படம் எடுங்கள். பிறகு டிரேசிங் பேப்பரைக் கதவின் மேல் ஒட்டி, ஒவ்வொரு எழுத்தின் ஓரத்தையும் கூரான பென்சிலால் எடுங்கள். நிழலைத் தனித் தாளில் எடுங்கள். கதவின் நாலு மூலையும் தாளில் குறித்திருக்க வேண்டும், இல்லையென்றால் திரும்ப எழுதும்போது இடம் நகர்ந்துவிடும். அப்புறம் அந்தக் கோடுகளின் மேல் குண்டூசியால் நெருக்கமாகத் துளை போடுங்கள். புது வெள்ளை காய்ந்ததும் தாளை அதே மூலைகளில் பொருத்தி, கரித்தூளை மெல்லிய துணியில் பொட்டணமாகக் கட்டித் துளைகளின் மேல் தட்டினால், கதவில் புள்ளிப் புள்ளியாக அதே எழுத்து விழும். புள்ளியைப் பிடித்து எழுதுவது யாராலும் முடியும் என்று சொல்ல மாட்டேன், சுழிக்குக் கை வேண்டும். நீங்கள் மதுரைக்கு வண்டியைக் கொண்டு வந்தால் நான் எழுதித் தருகிறேன். எனாமலில், அணில் முடித் தூரிகையில். காசு வேண்டாம். அந்த நிழலை நானும் ஒருமுறை இடப்பக்கம் வைத்துப் பார்க்க வேண்டும்.

—

வேதியியல் ஆசிரியை:

பழைய எழுத்தைத் தேய்க்கும்போது கவனம். அந்தக் காலத்து மஞ்சள், ஆரஞ்சு பெயிண்ட்களில் ஈயக் குரோமேட் இருக்க வாய்ப்பு அதிகம். இந்தியாவில் வீட்டு உபயோக, அலங்கார பெயிண்ட்களில் ஈயத்தின் அளவு பத்து லட்சத்தில் 90 பங்கைத் தாண்டக் கூடாது என்ற விதியே 2016-இல்தான் வந்தது. அந்தக் கதவை மட்டும் மெஷின் வைத்து உலர்வாகத் தேய்க்காதீர்கள். பெயிண்ட் ரிமூவர் தடவி, சுரண்டி, சுரண்டியதைக் காகிதத்தில் மடித்துக் கட்டிவிடுங்கள். குழந்தைகள் விளையாடுகிற மண்ணில் விழ வேண்டாம்.

—

வைகைக்கரை வாலிபன்:

நான் பச்சை சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். தேய்க்க ஆள் வேண்டுமென்றால் ஞாயிற்றுக்கிழமைகளில் வருகிறேன் அண்ணே. செல்லூரிலிருந்து ஒரு பஸ் தூரம்தான். கற்றுக்கொண்ட மாதிரியும் ஆகும்.

—

உசிலை மல்லி:

அவசியம் வாருங்கள் தம்பி. அம்மா சமையல் உண்டு.

எழுத்தோவியன் ஐயாவுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. அம்மாவிடம் படித்துக் காட்டினேன். தாள் வாங்கி வைத்துவிட்டேன். இனி மாதம்தான் கேள்வி. இப்போது ஆடி.

—

கூடல்நகர் பெயிண்டர்:

ஆடிக்காற்றில் துப்பாக்கியைத் தொடாதீர்கள். கொட்டகையைத் தார்ப்பாயால் மூடினாலும் மண் எங்கிருந்தோ வரும். வெட்டுதல், ஒட்டுதல், துரு எடுத்தல் எல்லாம் இப்போது ஆகட்டும். எப்பாக்ஸியைப் புரட்டாசிக்குள் முடியுங்கள், வண்டி மூச்சு விடலாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் என்.சி. அடித்தால் வெள்ளையாகப் பூத்துப் போகும். தின்னர் சட்டென்று பறக்கும்போது தகடு குளிர்ந்து, காற்றில் இருக்கிற ஈரம் பெயிண்டில் படிவதுதான் அது. மார்கழிப் பனியும் ஆகாது. தை பிறக்கட்டும். தை, மாசியில் காற்று அடங்கி, ஈரம் குறைந்து, வெயிலும் ஏறியிருக்காது. சித்திரைக்குப் போனால் 40 டிகிரியில் பெயிண்ட் தகட்டைத் தொடுமுன்பே காற்றில் பொடியாகிவிடும்.

அடிக்கிற அன்று காலை எட்டு மணிக்கு மேல், பனி ஈரம் போன பிறகு தொடங்குங்கள். தரையில் தண்ணீர் தெளித்துவிட்டால் தூசி எழாது. அதற்குப் போர் தண்ணீரே போதும். பெயிண்டை நைலான் துணியில் வடிகட்டாமல் துப்பாக்கியில் ஊற்றக் கூடாது. கம்ப்ரெசர் டேங்கின் அடிக் குழாயைத் திறந்து தண்ணீரை வெளியேற்றிவிடுங்கள். துப்பாக்கியைத் தகட்டிலிருந்து ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவாகப் பிடியுங்கள். மணிக்கட்டை வளைத்து வீசாமல், முழுக் கையும் தகட்டுக்கு இணையாகப் போக வேண்டும். தகட்டின் ஓரத்துக்கு வெளியிலேயே விசையை அழுத்தி, மறு ஓரத்தைத் தாண்டியபின் விட வேண்டும். ஒவ்வொரு இழுப்பும் முந்தையதில் பாதியை மூட வேண்டும். முதல் கோட் அடியில் இருப்பது தெரிகிற அளவு மெலிதாக இருக்கட்டும். அதிலேயே மூடிவிட வேண்டும் என்கிற ஆசையில்தான் எல்லாருக்கும் வழிகிறது.

டாஷ்போர்டு, டயர் பளபளப்புக்கு அடிக்கிற சிலிகான் ஸ்ப்ரே கொட்டகைப் பக்கமே வரக் கூடாது. அது பட்ட இடத்தில் பெயிண்ட் வட்டம் வட்டமாக விலகிக் குழி விழும்.

—

உசிலை மல்லி:

மாசி முடியப் போகிறது. வேலை முடிந்துவிட்டது. படங்கள் இணைத்திருக்கிறேன்.

லோடு பாடித் தரை முழுவதும் புது 18 கேஜ் தகடு. தரையின் முன் மூலைகளில் தண்ணீர் தேங்காமல் வடிய இரண்டு துளைகள் வைக்கச் சொன்னேன். வெல்டர் அண்ணன் கப்பலூரிலிருந்து வந்து பார்த்துவிட்டு, துளையின் ஓரம் அரிக்காமலிருக்க ஒரு சின்னக் குழாய்த் துண்டை வைத்து ஒட்டிக் கொடுத்தார். கதவுகளின் அடிப்பகுதி இரண்டும் மாற்றியாயிற்று. என்.சி. வெள்ளையை நானும் செல்லூர்த் தம்பியும் மாறி மாறி அடித்தோம். டீசல் டேங்க் மூடிக்கு உள்பக்கம் வெயில் படாமல் இருந்த பழைய வெள்ளையை வைத்துத்தான் கடையில் நிறம் சேர்த்தார்கள். கடைசித் தேய்ப்புக்கு ஐப்பசியில் அண்டாவில் பிடித்து வைத்த மழைத்தண்ணீர்.

போன வாரம் மதுரைக்கு ஓட்டிப் போனேன். எழுத்தோவியன் ஐயா பின் கதவில் எழுதி முடிக்க மதியத்துக்கு மேல் ஆகிவிட்டது. நிழல் இடப்பக்கம்தான். அப்படியே மேலமடைக்குப் போய் பாண்டி கோயிலில் பூஜை போட்டுவிட்டுத் திரும்பினோம். அம்மா முன்சீட்டில் உட்கார்ந்து வந்தார்.

இரண்டு கேள்விகள் பாக்கி. எப்போது லோடு ஏற்றலாம்? எஃப்.சி.க்கு ஒளிரும் டேப் ஒட்ட வேண்டுமே, புது பெயிண்டில் உடனே ஒட்டலாமா?

—

கூடல்நகர் பெயிண்டர்:

பானட்டில் கொட்டகைக் கம்பம் நேர்க்கோடாகப் பிரதிபலிக்கிறது. கட்டை வைத்துத் தேய்த்திருக்கிறீர்கள், படத்திலேயே தெரிகிறது. மிகவும் சந்தோஷம் தம்பி.

பாடிக்குள்ளே அடித்தது எனாமல், தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும், நகம் அழுத்தினால் பதியும். பதியாத நிலை வரும் வரை மூட்டை வேண்டாம். வெளியே இன்னும் ஒரு மாதத்துக்கு மெழுகு பாலிஷ் எதுவும் போடாதீர்கள், தின்னர் முழுவதும் வெளியேறட்டும். டேப்பும் அதற்குப் பிறகுதான். அவசரப்பட்டு ஒட்டி, கோணலாகிவிட்டதே என்று உரித்தால் பெயிண்டும் கூடவே வரும்.

—

ஓய்வுபெற்ற ஆய்வாளர்:

டேப் முன்னால் வெள்ளை, பக்கவாட்டில் மஞ்சள், பின்னால் சிவப்பு. பின் கதவில் எழுத்தின் மேல் ஏறாமல் கீழ் ஓரத்தில் ஒட்டுங்கள், இடம் இருக்கிறது. பக்கவாட்டில் எடை விவரங்களை மறுபடி எழுத வேண்டும், அழித்திருப்பீர்கள். எழுத்தோவியனிடமே சொல்லியிருக்கலாம். அடுத்த முறை மதுரை வரும்போது முடித்துவிடுங்கள். எஃப்.சி.க்கு முன்னால் ஹெட்லைட் உயரத்தையும் ஹேண்ட் பிரேக்கையும் ஒருமுறை பாருங்கள். வண்டியைப் பிரித்துச் சேர்த்தவர்களுக்கு இந்த இரண்டும்தான் நினைவில் நிற்பதில்லை.

—

திருமங்கலம் மேட்டடார்:

இதைப் பார்த்த பிறகு என் பஜாஜ் டெம்போ மேட்டடாரையும் தொடங்கப் போகிறேன். கொல்லையில் ஒரு வேப்பமரத்தடியில் நிற்கிறது. முன்கண்ணாடி ரப்பர் முழுவதும் வெடித்துவிட்டது. அது கிடைக்காமல் வேலையைத் தொடங்கலாமா?

—

கூடல்நகர் பெயிண்டர்:

தொடங்காதீர்கள். ரப்பரைக் கையில் வாங்கிக்கொண்டுதான் கண்ணாடியைக் கழற்ற வேண்டும். கண்ணாடி இல்லாமல் ஒரு மழை போதும், கேபின் தரை போய்விடும். முதலில் வேப்பமரத்தடியிலிருந்து வண்டியை நகர்த்துங்கள், சருகு விழுந்து அடைத்துக்கொள்கிற இடமெல்லாம் துருதான். மேட்டடாருக்குத் தனி இழை போடுங்கள், நான் அங்கே வருகிறேன்.